பழைய படகுக்குப் புது எஞ்சின்: கடன் விண்ணப்பத்துக்கு முன் ஒரு பாடம்



நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனுக்கு வரும் மனுக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கல்லூரிக் கட்டணம், பிரசவச் செலவு, தையல் இயந்திரம், பெட்டிக்கடைக்குச் சரக்கு. இந்த முறை வந்த ஒரு மனு படகு எஞ்சினுக்கானது. நம் ஊரில் பெண் எடுத்த கடற்கரைக் குடும்பம் ஒன்று, 26 அடி பைபர் படகுக்கு எஞ்சின் மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறது. ஜாமீன் கையெழுத்துப் போடப்போவது இங்குள்ள பெண் வீட்டார். "கண்மாயில்கூடத் தண்ணீர் நிற்காத விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு நாம் கடல் எஞ்சினைப் பற்றி என்ன முடிவு செய்வது?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 1985 வரை நாமும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்களே. கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, தொண்டிப் பக்கம் சம்பந்தம் உள்ள வீடுகள் நம் மஹல்லாவில் பல. இதுபோன்ற மனு இன்னும் வரும். ஆகவே, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன். கடன் வாங்குபவருக்கும் ஜாமீன் போடுபவருக்கும் சேர்த்தே இந்தப் பாடம்.

முதலில் ஒரு சொல். படகின் பின்பக்கத்தில் வெளியே மாட்டி, கழற்றிக் கரைக்குத் தூக்கி வரக்கூடிய எஞ்சினை அவுட்போர்டு என்கிறார்கள். மீன்வளத் துறைப் படிவங்களில் "வெளிப்பொருத்தும் இயந்திரம்" என்று இருக்கும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மணம் பேசியிருந்த பெண் ஐஸ்கிரீம் கேட்க, ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்து வாங்கித் திரும்புவதற்குள் அது உருகிப்போனதாகவும், அந்தக் கோபத்தில் பிறந்ததே இந்த எஞ்சின் என்றும் ஒரு கதை சொல்வார்கள். நம் பக்கம், நார்வே நாட்டு உதவியுடன் கேரளத்தின் நீண்டகரையில் 1953-ல் தொடங்கிய திட்டம் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சினைப் பழக்கியது. சிறு வள்ளங்களில் அவுட்போர்டு பரவியது 1980-களில். தமிழகக் கரையில் பைபர் படகுகள் பெருகியது 2004 சுனாமிக்குப் பிறகு. அன்று வந்த படகுகளுக்கு இன்று இருபது வயது ஆகிறது. எஞ்சின் மாற்றும் மனுக்கள் இப்போது வருவதற்குக் காரணம் அதுதான்.

எஞ்சினுக்கு முன் பலகை

எஞ்சின் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கடையை அல்ல, தன் படகின் பின்பலகையை. எஞ்சினின் எடையும் அது தள்ளும் விசையும் முழுவதும் அந்த ஒரு பலகையில்தான் விழுகின்றன. பைபர் படகில் வெளியே தெரிவது கண்ணாடி இழை. உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகையோ மரமோ இருக்கும். எஞ்சினை மாட்டப் போட்ட போல்ட் துளைகள் வழியாக ஆண்டுக்கணக்கில் உப்புத் தண்ணீர் இறங்கி, உள்ளிருக்கும் மரம் மக்கிப்போகும். வெளித்தோற்றம் மட்டும் பளபளவென்றே இருக்கும்.

சோதிப்பது எளிது. சுத்தியல் பிடியாலோ ஒரு ரூபாய் நாணயத்தாலோ பலகை முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், மக்கிய இடத்தில் பொத்தென்று கேட்கும். பழைய எஞ்சின் மாட்டியிருக்கும்போதே அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பலகை வளைந்தாலோ, ஓரங்களில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ சந்தேகப்பட வேண்டும். போல்ட்டைக் கழற்றும்போது துளையிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் கசிந்தால் சந்தேகமே வேண்டாம், உள்ளே மரம் போய்விட்டது. அந்த நிலையில் புது எஞ்சினை மாட்டுவது, கரையான் அரித்த உத்தரத்தில் ஊஞ்சல் கட்டுவது போல. பலகையைப் பிரித்துப் புது மரம் வைத்து மீண்டும் பைபர் போட வேண்டும். அந்தச் செலவையும் மனுவில் சேர்த்தே கேளுங்கள். எஞ்சினுக்கு மட்டும் பணம் கொடுத்துப் பலகையை விட்டுவிடுவதில் அறக்கட்டளைக்கு எந்த லாபமும் இல்லை.

அடுத்தது எடை. 15 எச்.பி. இரு ஸ்ட்ரோக் எஞ்சின் 35 முதல் 40 கிலோ. அதே சக்தியுள்ள நான்கு ஸ்ட்ரோக் 45 முதல் 55 கிலோ வரை போகும். பத்துப் பதினைந்து கிலோ கூடினால் என்ன என்று தோன்றலாம். ஆனால் அது படகின் கடைசி அங்குலத்தில் தொங்குகிற எடை. பின்பக்கம் தாழ்ந்து அணியம் தூக்கிக்கொள்ளும், அலை பின்னாலிருந்து ஏறும். பழைய எஞ்சினைவிடக் கனமானதை வாங்கினால் எண்ணெய்க் கேன், ஐஸ் பெட்டி, வலை ஆகியவற்றை முன்னே நகர்த்தி வைக்க இடமிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

காலின் நீளத்தில் பலர் ஏமாறுகிறார்கள். எஞ்சின் கால் 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம் என்ற அளவுகளில் வரும். பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து படகின் அடிவரை நேராக அளந்து, அதற்கேற்ற காலைக் கேட்க வேண்டும். விசிறிக்கு (புரொப்பல்லருக்கு) மேலே எஞ்சினில் ஒரு தட்டு இருக்கும். அந்தத் தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ நிற்க வேண்டும். கால் குட்டையானால் விசிறி காற்றை இழுத்துச் சும்மா சுற்றும். நெட்டையானால் தண்ணீரை இழுத்துக்கொண்டு எண்ணெய் குடிக்கும், ஆழமில்லாத இடத்தில் பாறையிலும் தட்டும். "கையிருப்பில் இதுதான் இருக்கிறது, விலையில் குறைத்துத் தருகிறேன்" என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் தவறான கால் உள்ள எஞ்சினாகத்தான் இருக்கும்.

எத்தனை எச்.பி.?

இளைஞர்களின் ஆசை பெரிய எஞ்சின். பாரம் ஏற்றிய படகுக்குத் தண்ணீரில் ஓர் இயல்பான வேகம் உண்டு. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 26 அடிப் படகில் தண்ணீரைத் தொடுவது 23 அடி என்று வைத்தால் ஏறத்தாழ 6.4 நாட், அதாவது மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். ஒல்லியான, லேசான படகு இதை ஓரளவு தாண்டும். ஆனால் வலையும் ஐஸும் நான்கு ஆட்களும் ஏறிய பிறகு, இந்த வேகத்துக்கு மேல் நீங்கள் சேர்க்கும் எச்.பி.யில் பெரும்பகுதி அலை கிளப்பத்தான் செலவாகும். அலைக்கு விலை கொடுப்பவர் யாரும் இல்லை.

இதையே திருப்பிப் பார்த்தால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இத்தகைய படகில் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் அடுக்காக மாறும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவைப்படும் சக்தி நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பயண நேரம் சற்று நீண்டாலும், மொத்த எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மிச்சம். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2012-ல் சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் சிக்கனம் பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. அதுவும் வேகத்தைக் குறைப்பதையே பெரிய சிக்கனமாகச் சொல்கிறது. காசு கொடுக்காமல் கிடைக்கும் சிக்கனம் என்பதால் இதை யாரும் விற்க வருவதில்லை.

எச்.பி.யோடு விசிறியையும் பார்க்க வேண்டும். முழு வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்று ஓட வேண்டும் என்று அதன் கையேட்டில் இருக்கும். பாரம் ஏற்றிய படகில் அந்தச் சுற்றை எட்டவில்லை என்றால் விசிறியின் சாய்வு அதிகம் என்று பொருள். அதே விசிறியோடு ஓட்டினால், மேட்டில் நான்காவது கியரில் ஏறும் லாரியைப் போல எஞ்சின் திணறித் தேயும். சாய்வை ஓர் அங்குலம் மாற்றினால் 150 முதல் 200 சுற்று மாறும். ஓட்டிப் பார்ப்பதைக் காலிப் படகில் செய்யாமல் வலையும் ஆளும் ஏற்றிச் செய்யச் சொல்லுங்கள்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல்

நீண்ட விவாதம் நடந்தது இதில்தான். நம்மில் வயதானவர்களுக்கு டிவிஎஸ் 50, ஆர்எக்ஸ் 100 நினைவிருக்கும். அவை இரு ஸ்ட்ரோக். இலகுவானவை, யாரும் பிரித்துப் பூட்டலாம், ஆனால் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும், புகை, குடி அதிகம். இரு ஸ்ட்ரோக் அவுட்போர்டும் அதே குணம்தான். அதில் மண்ணெண்ணெயில் ஓடும் வகையும் உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடியும் பெட்ரோலுக்கு வர வேண்டும். மானிய மண்ணெண்ணெய் முறையாகக் கிடைக்கும் ஊரில் இது இன்னும் கட்டுப்படியாகும். வெளிச்சந்தையில் வாங்கி ஊற்ற வேண்டிய நிலை வந்தால் கணக்கு புரண்டுவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 எச்.பி. எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு எரிப்பது இரு ஸ்ட்ரோக் என்றால் சுமார் 5 லிட்டர், நான்கு ஸ்ட்ரோக் என்றால் மூன்றரை முதல் நான்கு லிட்டர், டீசல் என்றால் சுமார் இரண்டரை லிட்டர். நாளுக்கு 3 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் கடலுக்குப் போனால் 600 மணி நேரம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் இரு ஸ்ட்ரோக்குக்கு ஆண்டுக்கு 3 லட்சம், நான்கு ஸ்ட்ரோக்குக்கு 2 லட்சத்து 10 ஆயிரம் முதல் 2 லட்சத்து 40 ஆயிரம். இடையிலுள்ள 60 ஆயிரமோ 90 ஆயிரமோ கடலில் கரைகிற பணம். வேகத்தைக் குறைத்து ஓட்டினால் எல்லாத் தொகையும் குறையும், வித்தியாசம் மட்டும் மறையாது. "நான்கு ஸ்ட்ரோக் விலை அதிகம்" என்று சொல்பவர்கள் வாங்கும் நாள் விலையை மட்டும் பார்க்கிறார்கள். மூன்றாண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் என் ஓட்டு நான்கு ஸ்ட்ரோக்குக்குத்தான். ஆனால் ஒரு நிபந்தனை: ஒரு நாளில் போய் வரும் தூரத்தில் சர்வீஸ் செய்பவரும் உதிரிபாகமும் இருக்க வேண்டும்.

இல்லாவிட்டால் டீசல். நீண்ட தண்டின் நுனியில் விசிறி வைத்த "லாங் டெயில்" டீசல் எஞ்சின்களை நம் கரையில் நிறையப் பார்க்கலாம். நம் ஊர் பம்புசெட் எஞ்சினின் உறவுக்காரன் என்று சொன்னால் புரியும். கனம், சத்தம், அதிர்வு எல்லாம் உண்டு. ஆனால் ஓட்டச் செலவு குறைவு, பழுது பார்க்க எந்த ஊரிலும் ஆள் கிடைப்பார். பாக் நீரிணையின் ஆழமில்லாத, கடற்புல் நிறைந்த தண்ணீரில் தண்டைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது பெரிய வசதி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை உள்ள இடங்களிலும் அப்படியே. அதிர்வைப் பழைய படகின் உடல் தாங்குமா என்பதைப் படகு கட்டுபவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெட்ரோலைத் தேர்ந்தெடுப்பவர் கவனிக்க வேண்டிய புதிய விஷயம் ஒன்று உண்டு. நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலப்பது 2025-ல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. அவுட்போர்டு எஞ்சின்களில் பெரும்பாலானவை 10 சதவீதம் வரை தாங்குபவை என்றே கையேடுகளில் இருக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடலில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நாள்பட நின்ற பெட்ரோலில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எஞ்சின் முதலில் இழுப்பது அதைத்தான். பழைய ரப்பர்க் குழாய்களையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். ஆகவே கடைக்காரரிடம் "20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு இது ஏற்றதா?" என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். சில வாரம் கடலுக்குப் போகாவிட்டால் தொட்டியையும் கார்புரேட்டரையும் காலி செய்து வையுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கிக் கிடக்கும். மருந்து அறைக்குள் நுழையும் முன் உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போகப் பழகிய சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கேனைப் படகுக்குள் வைத்து நிரப்பாமல் தரையில் வைத்து நிரப்பும்படி உங்கள் சம்பந்திமாருக்கு நீங்களே சொல்லுங்கள்.

பழைய எஞ்சின் வாங்கலாமா?

வாங்கலாம், பில்லும் எஞ்சின் எண்ணும் இருந்தால். எண் தகடு கழற்றப்பட்டதோ, உரசப்பட்டதோ, "வெளிநாட்டிலிருந்து வந்தது, பேப்பர் இல்லை" என்பதோ எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். படகின் பதிவு ஆவணத்தில் எஞ்சின் விவரமும் சேர வேண்டும். கடலோரப் பாதுகாப்புச் சோதனையில் பேப்பர் இல்லாத எஞ்சின் பிடிபட்டால் எஞ்சின் போவதோடு ஆளும் அலைய வேண்டியிருக்கும். இயந்திரத்தைப் பொறுத்தவரை மூன்று சோதனை போதும். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்தால் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. கீழே கியர் பெட்டியின் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால் பால் கலந்ததுபோல் இருக்கக் கூடாது, இருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. ஓடும்போது பக்கவாட்டில் குளிர்நீர்த் தாரை விடாமல் பீய்ச்ச வேண்டும்.

நடுக்கடலில் எஞ்சின் நின்றால் என்னவாகும் என்பதை ஜாமீன்தாரர்கள் உணர வேண்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். 1974, 1976 ஒப்பந்தங்களின் எல்லைக்கோடு இடையில் ஓடுகிறது. நின்றுபோன படகைக் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளும் என்பது நம் கையில் இல்லை. 2018-ல் இலங்கை தன் சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகு, எல்லை தாண்டிய படகுகளுக்குப் பெரும் அபராதமும் பறிமுதலும் உண்டு. மலிவு எஞ்சினுக்கு இந்த விலையும் இருக்கிறது. எந்த எஞ்சின் வாங்கினாலும் மாற்றுப் பிளக், இழுகயிறு, விசிறிப் பின், துடுப்பு நான்கும் படகில் இருக்கட்டும். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் படகின் உள்பக்கம் பெயிண்டால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பணம் யாரிடமிருந்து

பல கரைகளில் எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பவர் மீன் வியாபாரி அல்லது ஏலக்காரர். வட்டி என்று ஒரு பைசா எழுதமாட்டார். பதிலுக்குப் பிடிக்கும் மீன் முழுவதும் அவர் கை வழியாகத்தான் போக வேண்டும், விலையிலோ கமிஷனிலோ அவர் எடுத்துக்கொள்வார். முன்பணம் தீரும்வரை வேறு யாரிடமும் விற்க முடியாது, தீர்வதும் எளிதல்ல. பெயர் வட்டி இல்லை என்பதால் நம் மக்களில் சிலர் இதில் தவறில்லை என்று நினைக்கிறார்கள். கடன் கொடுத்ததைக் காரணமாக வைத்து லாபம் எடுப்பது எதில் சேரும் என்று உங்கள் ஆலிமிடம் கேட்டுப் பாருங்கள். இந்தப் பிடியிலிருந்து விடுபடத்தான் கன்னியாகுமரி, கேரளக் கரைகளில் மீனவர்கள் கிராமச் சங்கங்கள் அமைத்துத் தாங்களே ஏலம் விட்டார்கள். அவற்றின் கூட்டமைப்பான 'சிஃப்ஸ்' 1980-ல் உருவாகி, எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறைகள் வரை நடத்தியது.

"படகு வைத்திருப்பவர் எப்படி ஏழை?" என்றும் குழுவில் கேள்வி வந்தது. அல்கஹ்ஃப் அத்தியாயத்தின் 79-ஆம் வசனத்தில் வரும் படகின் உரிமையாளர்கள், படகு இருந்தும் மிஸ்கீன்கள் என்றே குறிப்பிடப்படுகிறார்கள். தொழில் கருவி வைத்திருப்பது ஒருவரை உதவிக்குத் தகுதியற்றவராக்காது என்பதற்கு ஷாஃபி மத்ஹப் அறிஞர்கள் இதை ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள். மனு ஏற்கப்பட்டது. கடன் என்பதால், அல்பகராவின் 282-ஆம் வசனம் சொல்கிறபடி எழுத்தும் சாட்சியும் உண்டு. மீன் குறைவாகக் கிடைக்கும் மாதங்களில் தவணை குறையவும், கூடும் மாதங்களில் கூடவும் ஏற்பாடு செய்திருக்கிறோம்.

நாட்டுப்படகு எஞ்சினுக்கு மீன்வளத் துறையின் மானியத் திட்டமும் உண்டு. அதை முதலில் கேட்டுவிட்டு மீதிக்கு மட்டும் எங்களிடம் வாருங்கள். சில திட்டங்களில் ஒப்புதல் வருமுன் எஞ்சினை வாங்கிவிட்டால் மானியம் கிடைக்காமல் போகும். ஆகவே அவசரப்பட்டு முன்பணம் கட்டாதீர்கள். மனுவுடன் படகுப் பதிவின் நகல், பின்பலகையின் அளவும் அதன் நிலை குறித்துப் படகு கட்டுபவர் எழுதிய குறிப்பும், இரண்டு கடைகளின் விலைப்பட்டியல், அருகிலுள்ள சர்வீஸ் இடத்தின் பெயர் ஆகியவற்றை இணைக்க வேண்டும். தொகை கடையின் கணக்குக்கு நேராகச் செலுத்தப்படும்.

எஞ்சின் வந்து சேர்ந்ததும் முதல் பத்து மணி நேரம் முழு வேகம் கூடாது. பல இரு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு அந்தப் பத்து மணி நேரமும் 50-க்கு 1 என்பதற்குப் பதில் 25-க்கு 1 என்ற விகிதத்தில் எண்ணெய் கலக்க வேண்டும். உங்கள் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் கரை சேர்ந்ததும் அரை டிரம் நல்ல தண்ணீரில் எஞ்சினின் காலை இறக்கி ஐந்து நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். அந்தக் கரையில் நல்ல தண்ணீர் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் பொருள் என்பது தெரியும். அதனால் அந்த டிரம்முக்கான தொகையையும் கடனில் சேர்க்கக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.